பஞ்சுப் போர்வையும் தையற்பொறியும்

தையற்பொறி புகாத ஊர் இலங்கையில் இல்லை எனலாம். சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டில் இத்தீவிலே தன் வணிகத்தைத் தொடங்கிற்று. அதன்பின் வந்த தலைமுறைகளில், மணமகளோடு புகுந்த வீடு சென்ற பொருள்களுள் கைச்சக்கரம் பூட்டிய அக்கரிய பொறியும் ஒன்றாயிற்று. சட்டையும் பாவாடையும் தலையணை உறையும் தைத்துப் பழகிய அப்பொறியைக் கொண்டு, கட்டிலை மூடும் பெரும் போர்வையொன்றைப் பஞ்சு வைத்துத் தைக்கலாமா என்று கேட்டால் நம்மவர் சற்றே தயங்குவர். வெப்ப நாட்டவர்க்கு அத்தகைய போர்வையால் ஆகும் பயன் சிறிது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இக்கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெண்களின் உழைப்போடும் மதிப்போடும் பின்னிக் கிடந்தது. பொறியால் தைத்தது வீட்டு வேலையா, கடைச் சரக்கா? அது கைத்திறனாகுமா, ஆகாதா? இவ்வழக்கின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

ஆங்கிலத்திலே 'குயில்ட்' என வழங்கும் இப்போர்வை மூன்று படைகளை உடையது. பல நிறத் துண்டுகளை இணைத்து அமைத்த மேற்துணி ஒன்று, நடுவே பரப்பிய பஞ்சு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் ஓடினாலன்றி உள்ளே கிடக்கும் பஞ்சு, ஒருமுறை துவைத்த அளவிலே உருண்டு திரண்டு ஒரு மூலையிற் சேர்ந்துவிடும். ஆகவே போர்வை முழுவதும் கொடியாகவும் பூவாகவும் கட்டமாகவும் ஓடும் தையல் வெறும் அலங்காரமன்று. போர்வையின் உயிர்நாடி அதுவே. இக்கலை மிகப் பழையது. சிசிலித் தீவில் 14ஆம் நூற்றாண்டிலே தைக்கப்பெற்ற திரிஸ்தன் கதைப் போர்வைகள் இன்றும் இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் அரும்பொருட்சாலையிலும் புளோரன்ஸ் நகரிலும் காணப்படுகின்றன.

அமெரிக்கக் குடியேற்றக்காரர் வீடுகளிலே இவ்வேலை ஒரு மரச்சட்டத்தின்மீது நடந்தது. நான்கு நீண்ட மரச்சலாகைகளை மூலைகளிலே பிணைத்து, நாற்காலிகளின் முதுகின்மேல் வைப்பர். அல்லது கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடுவர். அடித்துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்து இழுத்துக் கட்டி, அதன்மேற் பஞ்சையும் மேற்துணியையும் பரப்பிவிட்டால் மூன்று படையும் பறையின் தோல்போல விறைத்து நிற்கும். பின்னர் அயல் வீட்டுப் பெண்கள் நாற்புறமும் அமர்ந்து கையூசியாற் தைப்பர். ஊர்ச்செய்தி பேசுவதும், இளையோர்க்கு மணம் பொருத்துவதும், துயருற்றவளுக்கு ஆறுதல் உரைப்பதும் இச்சட்டத்தைச் சுற்றியே நடந்தன.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சட்டத்திலே துணி அசையாது நிற்கிறது, ஊசிதான் நடக்கிறது. மூன்று படைகளும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாமற் காப்பது சட்டத்தின் இழுவிசை. தையற்பொறியிலோ முறை தலைகீழாகின்றது. ஊசி தன் இடத்திலேயே மேலுங் கீழும் ஓடுகிறது. துணிதான் அதன் அடியிலே நடந்து செல்ல வேண்டும். நடக்க வேண்டிய துணியைச் சட்டத்திலே கட்ட இயலுமா? இயலாது. ஆகவே பொறி வீட்டுக்குள் வந்த நாளிலே சட்டம் வெளியேறிற்று. சட்டம் செய்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டியதாயிற்று. பொறியாற் போர்வை தைக்கும் கலையின் அருமை முழுவதும் இந்த ஓரிடத்திலேதான் இருக்கின்றது; பின்னாளில் அதை இகழ்ந்தவர் பலரும் காணத் தவறியதும் இந்த இடத்தையே.

பொறி பிறந்த கதை பூசல் நிறைந்தது. பிரான்சிலே தீமோனியே என்னும் தையற்காரர் 1830ஆம் ஆண்டில் ஒரு பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றுப் பாரிஸ் நகரிலே தொழிற்கூடம் அமைத்தார். தம் பிழைப்புப் போய்விடும் என அஞ்சிய கைத்தையற்காரர்கள் 1831ஆம் ஆண்டில் அதனுட் புகுந்து பொறிகளை உடைத்தெறிந்தனர். நியூயோர்க்கில் வால்ட்டர் ஹன்ட் என்பவர் 1834ஆம் ஆண்டளவிலே, நுனியிற் கண்ணுடைய ஊசியும் அடிநூல் ஓட்டும் ஓடமும் கொண்டு பூட்டுத்தையல் போடும் பொறியொன்றை ஆக்கினார். ஆயினும் அதற்கு உரிமை பெற முனைந்தாரில்லை. கூலிக்குத் தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் வாயில் மண் விழும் என்று அவருடைய மகள் தடுத்ததே காரணம் என்று சொல்லப்படுகிறது. இந்த ஹன்டை நேயர்கள் நினைவிற் கொள்க. இவர் இன்னொருமுறை இக்கதைக்குள் வருவார்.

எலியாஸ் ஹவ் 1846ஆம் ஆண்டில் பூட்டுத்தையற் பொறிக்கு உரிமை பெற்றார். ஐசாக் சிங்கர் 1851ஆம் ஆண்டில் தமது திருத்திய பொறிக்குப் பெற்றார். இருவரும் வழக்காடி ஓய்ந்தபின், 1856ஆம் ஆண்டிலே பெரிய உற்பத்தியாளர்கள் தம் உரிமைகளை ஒன்றுசேர்த்துப் பங்கிட்டுக்கொண்டனர். அதே ஆண்டிலே சிங்கரின் பங்காளியாகிய எட்வேர்ட் கிளார்க் வேறோர் உபாயம் கண்டார். பொறியின் விலை நூறு டொலருக்கு மேற்பட்டிருந்த காலம் அது. சாதாரணக் குடும்பம் ஒன்று ஒரே முறையில் அத்தொகையை எண்ணிக் கொடுத்தல் அரிது. முதலில் ஐந்து டொலர் கொடுத்துப் பொறியை வீட்டுக்குக் கொண்டுபோய், மிகுதியை மாதந்தோறும் செலுத்தலாம் என்றார் கிளார்க். தவணைமுறை விற்பனை உலகெங்கும் பரவுதற்கு இது பெருங் காரணமாயிற்று. கண்ணாடி அலுமாரி முதல் மோட்டார் வண்டி வரை தவணைக்கு வாங்கிக் கடன் சுமப்போர் கிளார்க்கை வாழ்த்துவதா வைவதா என்பது அவரவர் பாடு.

பொறியின் வேகம் அக்காலத்தவரை மயக்கிற்று. ஓர் ஆடவனின் சட்டையைக் கையாற் தைக்கப் பதினான்கு மணி நேரத்துக்கு மேலாகும் என்றும், பொறியால் ஒன்றேகால் மணி நேரத்திற் தைத்துவிடலாம் என்றும் உற்பத்தியாளர் கணக்குக் காட்டினர். பொறி வாங்கிய பெண் அதனாற் போர்வையும் தைக்கப் புகுந்தாள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த சில போர்வைகளிலே, மேற்பரப்பில் எல்லோர் கண்ணுக்கும் படும்படியாகப் பொறித்தையல் ஓடுகிறது. அதனை மறைக்க ஒருவரும் முயன்றதாகத் தெரியவில்லை. பொறித்தையல் அந்நாளிலே செல்வத்தின் அடையாளம். இவ்வீட்டிலே பொறி உண்டு என்று போர்வையே பறைசாற்றிற்று. சிங்கர் பொறியோடு வந்த துணைக்கருவிப் பெட்டியிலே 'குயில்ட்டர்' என்றொரு பாதமும் இருந்தது. அதன் பக்கத்தில் நீளும் கம்பி, முன்னே தைத்த வரியைத் தொட்டுக்கொண்டே செல்லும். அடுத்த வரி ஒரே இடைவெளியில் விழும். ஆயின் நேர்வரிகளுக்கே அது உதவும்.

அக்காலத்துப் பெண்கள் பொறிமேல் எடுத்துச் செல்லுமுன் மூன்று படைகளையும் எவ்வாறு பிணைத்தனர்? கையாலேதான். நீண்ட தையலாக இடைவிட்டு இடைவிட்டு நூலோட்டி, போர்வை முழுவதையும் தற்காலிகமாகத் தொடுத்தனர். பொறித்தையல் முடிந்தபின் அந்நூலைப் பிரித்து எடுத்துவிடுவர். பொறியால் அரை நாளில் முடியும் தையலுக்காக ஒரு நாள் முழங்கால் மடித்துத் தரையிலிருந்து நூலோட்டுதல் வேண்டும் என்றால், பொறி மிச்சப்படுத்திய நேரம் எங்கே போயிற்று என்று வியப்புத் தோன்றும். முன்பு அயலாரோடு கூடியிருந்து செய்த வேலை, இப்போது ஒருத்தி தனியே குனிந்து செய்யும் வேலையாயிற்று என்பதையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

அக்காலத்துப் போர்வைகளுள் மிகு புகழ் வாய்ந்த ஒன்றை இங்கே கூறாது விடலாகாது. ஹரியற் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண் 1837ஆம் ஆண்டிலே ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப்பின் கணவரோடு சிறு நிலத்திற் பயிரிட்டு வாழ்ந்தார். விவிலியக் காட்சிகளைத் துணியாலே வெட்டி ஒட்டுத்தையல் செய்து, கையும் பொறியும் கலந்து அவர் ஆக்கிய போர்வை 1886ஆம் ஆண்டில் அதென்ஸ் நகரத்துப் பருத்திச் சந்தையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஓவிய ஆசிரியை ஒருவர் அதனை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்க மறுத்தார். பின்னர் வறுமை நெருக்கவே, 1891ஆம் ஆண்டில் ஐந்து டொலருக்கு அதனை விற்க நேர்ந்தது. தவணைமுறையிலே ஒரு பொறிக்கு முதலிற் கட்டும் தொகையும் ஐந்து டொலரே என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. விற்றபின்னும் அவர் அப்போர்வையைப் பார்ப்பதற்காக அந்த ஆசிரியை வீட்டுக்குப் பலமுறை சென்றார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெருஞ்செல்வம். அதிலே கைத்தையல் எது, பொறித்தையல் எது என்று கேட்டு அதன் மதிப்பைக் குறைப்பார் இன்று ஒருவரும் இலர்.

ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காற்றுத் திசைமாறி வீசிற்று. பொறி எல்லார் வீட்டிலும் புகுந்தபின் அதில் என்ன பெருமை? ஆலைச் சரக்கால் சலிப்புற்ற அமெரிக்கர், முன்னோர் காலத்துக் கைவினைப் பொருள்களைத் தேடிப் போற்றத் தலைப்பட்டனர். மேரி வெப்ஸ்டர் 1915ஆம் ஆண்டிலே போர்வைகளின் வரலாற்றையும் செய்முறையையும் கூறும் நூலை வெளியிட்டார். இப்பொருளையே தனித்து விரித்துரைத்த முதல் அமெரிக்க நூல் அதுவே. கையாற் தைத்ததே போர்வை, பொறியாற் தைத்தது போலி என்ற எண்ணம் வேரூன்றிற்று. பென்சில்வேனியாவின் ஆமிஷ் சமயப் பெண்களும் துண்டுகளை இணைப்பதற்குக் கால்மிதிப் பொறியைப் பயன்படுத்தினர். மூன்று படைகளையும் ஊடுருவும் தையலை மாத்திரம் கையாலேயே செய்தனர். பொறிக்கு எதுவரை இடம் என்று அங்கே ஒரு கோடு கிழிக்கப்பட்டது.

கைத்தையல் என்ற பெயரின் பின்னே மறைந்திருக்கக் கூடியது யாது என்பதற்கு 1933ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்று. சிக்காகோ உலகக் கண்காட்சியையொட்டிச் சியேர்ஸ் வணிக நிறுவனம் நாடளாவிய போர்வைப் போட்டியை நடத்திற்று. போட்டியாளர் தாமே தைத்ததாக இருத்தல் வேண்டும் என்பது விதி. கொடிய பொருளாதார மந்தக் காலம் அது. முதற் பரிசு ஆயிரம் டொலர். ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. கென்டக்கி மாநிலத்துப் பெண்மணி ஒருவர் முதற் பரிசு பெற்றார். அவருடைய போர்வை குடியரசுத் தலைவரின் மனைவியார் எலினோர் ரூஸ்வெல்ற் அம்மையாருக்கு அளிக்கப்பட்டது. அப்போர்வையிலே அவர் ஓர் ஊசியும் குத்தியவரல்லர். கூலிக்கு அமர்ந்த பெண்களே அதனைத் தைத்தனர். பரிசுப் பணத்தில் ஒரு சதமும் அவர்களைச் சேரவில்லை என்பது பல ஆண்டுகளின் பின்னரே வெளியாயிற்று. கையாற் தைத்தது உண்மைதான். யார் கை என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு மறு ஆண்டில், நெப்ராஸ்கா மாநிலத்து டேவிட் சிற்றி என்னும் ஊரிலே ஏர்னஸ்ட் ஹெயிற் என்ற உழவர் தம் மனைவி இணைத்த துண்டுகளின் மூலைகள் பொருந்தவில்லை எனக் குறை சொன்னார். முடிந்தால் நீங்கள் நன்றாகச் செய்து காட்டுங்கள் என்றார் மனைவியார். பொறியியற் பட்டம் பெற்றிருந்த அவ்வுழவர் அன்று தொடங்கிய வேலையை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. வீட்டுத் தையற்பொறியிலேயே முழுப் போர்வையையும் தைப்பதற்கு அவர் கண்ட வழி கணிதத்தின்பாற்பட்டது. போர்வையின் ஓரத்திலே தொடங்கிச் சாய்கோடாகச் சென்று, மறு ஓரத்தை அடைந்ததும் திரும்பி, நூலை அறுக்காமல் ஒரே தொடராகப் போர்வை முழுவதையும் நிரப்பும் முறை அது. நீளத்திலும் அகலத்திலும் எத்தனை கட்டங்கள் என்பதை முன்னரே கணக்கிட்டாலன்றி அத்தொடர் முற்றுப்பெறாது. துணியிற் கைவைக்குமுன் தாளிலே கணக்குப் போட்ட அவர், 1974ஆம் ஆண்டிலே தம் முறையை இல்லத்தரசிகளுக்கென ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

இதனிடையே போர்வையின் மதிப்பு உயர்ந்தது. நியூயோர்க் விற்னி அரும்பொருட்சாலை 1971ஆம் ஆண்டிலே பழைய போர்வைகளை ஓவியங்களைப்போற் சுவரிலே தொங்கவிட்டுக் காட்சி நடத்திற்று. இளம் பெண்கள் பலர் பாட்டியர் கலையை நாடி வந்தனர். ஆனால் அலுவலகம் செல்லும் பெண்ணுக்குச் சட்டத்தின்முன் மாதக்கணக்கில் அமர நேரம் ஏது? ஹரியற் ஹார்கிரேவ் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவர்களுக்கு வழிகாட்டிற்று. பாட்டியர் கையாற் தைத்த கொடியையும் இறகையும் வீட்டுப் பொறியாலேயே தைக்கலாம் என்று அந்நூல் கற்பித்தது.

இம்முறையிற் போர்வை தைக்க ஆயத்தஞ் செய்யும் வகையைச் சற்று விரித்துரைத்தல் தகும். முதலில் மேற்துணியின் உட்புறத்துத் தையல் மடிப்புகளை இஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்திப் படியவைப்பர். வெண்துணியின் பின்னே கருநூற் பிசிறு ஒன்று தங்கினாலும் அது நிழல்போல மேலே தோன்றுமாகையால் ஒவ்வொன்றாகத் தேடிக் கத்தரிப்பர். அடித்துணியை மேற்துணியிலும் நாற்புறமும் மூன்று நான்கு அங்குலம் பெரிதாக வெட்டுவர். தைக்கத் தைக்க மேற்துணி சிறிது நகரும், அதற்கு இடம் வேண்டும். சுருட்டி வந்த பஞ்சுப் படலத்தை முதல்நாளே விரித்து மடிப்புத் தளர விடுவர். பின்னர் அடித்துணியை நற்புறம் கீழாகத் தரையில் விரித்து ஓரங்களை ஒட்டுநாடாவாற் பற்றவைப்பர். இங்கேதான் கையின் அறிவு வேண்டும். துணி சுருக்கமின்றி விறைப்பாக இருத்தல் வேண்டும், ஆனால் இழுபட்டிருத்தலாகாது. இழுத்துப் பற்றவைத்த துணி, நாடாவை எடுத்ததும் தன் பழைய அளவுக்குச் சுருங்கி, மேலேயுள்ள இரண்டு படைகளையும் அலையலையாக மடித்துவிடும். எவ்வளவு விறைப்பு என்பதை எந்த நூலும் எழுத்தாற் கற்பிக்க முடியாது.

அதன்மேற் பஞ்சையும், பஞ்சின்மேல் மேற்துணியையும் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவி விடுவர். இனிப் பிணைக்க வேண்டும். நூலோட்டினால் அந்நூல் பொறியின் பாதத்திலே சிக்கும்; பொறித்தையல் அதன்மேல் விழுந்தால் பிரிப்பதும் கடினம். ஆகவே ஊக்கு வந்தது. ஒரு பிடி அகலத்துக்கு ஒன்றாக, தையல் ஓடவிருக்கும் வரிகளுக்கு விலகி, நூற்றுக்கணக்கான ஊக்குகளை நடுவிலிருந்து குத்திக்கொண்டு போவர். அந்த ஊக்கை 1849ஆம் ஆண்டிலே ஆக்கியவர் யார் தெரியுமா? முன்னே கூறிய அதே வால்ட்டர் ஹன்ட்தான். சிறு கடனொன்றைத் தீர்ப்பதற்காகக் கம்பித் துண்டை வளைத்து அதனை ஆக்கி, உரிமையை 400 டொலருக்கு விற்றுவிட்டார் அவர். மகளின் சொற்கேட்டு விட்டுவிட்ட பொறியும், கடனுக்காக விற்ற ஊக்கும் 130 ஆண்டுகளின் பின் ஒரே போர்வையின்மேற் சந்தித்தன.

பொறியையும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தொண்ணூறு அங்குல அகலப் போர்வையின் பாதி, ஊசிக்கும் பொறியின் தூணுக்கும் இடையேயுள்ள ஏழெட்டு அங்குல இடைவெளியில் அடங்கியாக வேண்டும். இறுகச் சுருட்டி உள்ளே செலுத்துவர். சுருள் அவிழாதிருக்கச் சைக்கிள் ஓட்டிகள் காற்சட்டையிற் பூட்டும் கவ்விகளைச் சிலர் பூட்டினர். பொறிக்கு இடப்புறமும் பின்புறமும் மேசைகளைச் சேர்த்துப் போடாவிட்டால், தொங்கும் போர்வையின் பாரம் துணியை இழுத்து ஊசியை முறித்துவிடும். நேர்வரிக்கு, மேற்படையையும் கீழ்ப்படையையும் சமமாக நடத்திச் செல்லும் நடைபாதம் உண்டு. வளைவான கொடிக்கோ, துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, இரு கைகளாலுமே துணியை ஓட்டுதல் வேண்டும். கை வேகமும் பொறி வேகமும் ஒத்துப்போகாவிடில் தையல் ஒரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் நெகிழ்ந்தும் விழும். அதனாலே பொபின் பலவற்றிற் நூல் சுற்றி, புதிய ஊசி பூட்டி, அதே மூவகைத் துணியிற் சிறு துண்டொன்றைச் செய்து, நூலின் இறுக்கத்தை அதில் ஓட்டிப் பார்த்த பின்னரே போர்வையைத் தொடுவர். பொறி தானே தைக்கிறது, பெண் சும்மா இருக்கிறாள் என்றவர்கள் இத்தரையிலே ஒருநாளாவது முழங்காலிட்டவர்களல்லர்.

வழக்கு 1989ஆம் ஆண்டில் உச்சத்தை அடைந்தது. கென்டக்கியின் படூக்கா நகரிலே அமெரிக்கப் போர்வைத் தையலாளர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் காட்சியில், விமானப் பணிப்பெண்ணாகத் தொழில் புரிந்த கரில் பிரையர் ஃபாலேர்ட் என்பவர் சூரிய கிரகணத்தைப் பொருளாகக் கொண்ட போர்வையொன்றை வைத்தார். அது முற்றும் பொறியாற் தைக்கப்பட்டது. நடுவர் அதற்கே தலைப்பரிசு அளித்தனர். பொறித்தையல் அங்கே தலைப்பரிசு பெற்றது அதுவே முதல் முறை. கைத்தையலாளர் பலர் கொதித்தெழுந்தனர். தம் வாழ்நாட் பயிற்சி ஒரு பொறியின் முன்னே தோற்றுப்போயிற்று எனக் கருதினர். அவர்களின் வருத்தத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. ஆண்டுக்கணக்கில் விரல்நுனி தடித்துப் போனவர்களின் குறை அது. பின்னாளில் அக்காட்சியிலே கைத்தையற் திறனுக்கு ஒரு பரிசும் பொறித்தையற் திறனுக்கு ஒரு பரிசும் வெவ்வேறாக வழங்கலாயினர். 1991ஆம் ஆண்டில் அந்நகரிலே போர்வைகளுக்கென ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது.

சட்டமும் முற்றாக மறைந்துவிடவில்லை. மிசூரி மாநிலத்துக் கம்மில் நிறுவனம் முதலியன 1980களிலிருந்து விற்ற நீள்கைப் பொறிகளிலே, போர்வை பழையபடி சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாது நிற்கும். பொறியே தண்டவாளத்தின்மேல் அங்குமிங்கும் ஓடித் தைக்கும். துணி நிற்க ஊசி நடக்கும் பழைய முறை மீண்டும் வந்தது. தரையிற் குனிய விரும்பாதவர் மேற்துணியை மட்டும் தாமே இணைத்து, அத்தகைய பொறி வைத்திருப்போரிடம் கூலி கொடுத்து மிகுதியைத் தைப்பித்துக்கொள்கின்றனர். ஆயினும் வீட்டுப் பொறியிலே தாமே முழுவதும் தைப்போர் தொகையும் சிறிதன்று. அவர்களின் போர்வைகள் போட்டிக்கு வரும்போது நடுவர் மேற்புறத்தைப் பார்த்து அமைவதில்லை. போர்வையைத் திருப்பி, அடித்துணியிலே சுருக்கம் ஏதும் மடிந்து தையலுக்குட் சிக்கியிருக்கின்றதா என்று விரலாற் தடவிப் பார்க்கின்றனர்.